லாக்கருக்குள் போன ஷூக்கள்

வடதுருவத்தை நெருங்கிக் கிடக்கும் எங்கள் ஔலு நகரத்தில் குளிர்காலத்தில் கதவை ஒருமுறைதான் திறப்பார்கள். ஒருவர் திறந்தால் பின்னால் வரும் நான்கு பேரும் ஒட்டிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள், சூடு வெளியே போகக்கூடாது. ஆளாளுக்கு அட்டையைக் காட்டி, ஆளாளுக்குக் கதவைத் திறந்து வாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் கூட்டமாகத்தான் வந்தார்கள்.

எங்களுடையது சிலிக்கான் தட்டுகளில் நுண்ணிய சில்லுகள் செய்யும் ஆய்வுக்கூடம். அதற்கு விஷ வாயு வேண்டும். கூடத்துக்கான பாதுகாப்புத் திட்டத்தை எழுதுவது என் வேலை. பிப்ரவரிக்குள் தீயணைப்புத் துறை ஆய்வாளர் கெர்ட்டு அதில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வாயு உருளைகளை எடுத்துப் போய்விடுவார்கள், கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"ஏம்மா ரைலி, நாம என்ன பேங்கா நடத்துறோம்?" என்றான் இல்போ, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டே. கூடத்தின் தலைவன், பேராசிரியன். எங்களுக்குள் வா, போதான். "உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியணும், அவ்வளவுதானே? போய் ஷூவைப் பாரு."

தூசில்லா அறைக்குள் போகிறவர்கள் வாசலில் பனி ஷூவைக் கழற்றி மரத்தட்டில் வைத்துவிட்டு வெள்ளைப் பூட்ஸும் வெள்ளை உடுப்பும் மாட்டிக்கொள்வார்கள். யாருடைய ஷூ எது என்று எல்லோருக்கும் அத்துப்படி.

"ஷூவை வச்சு ஆள் எண்ணுறதைத் திட்டத்துல எழுதச் சொல்றியா? கெர்ட்டு வாயால சிரிக்க மாட்டா."

"சிரிச்சுட்டுப் போகட்டும். எனக்குத் தெரிஞ்சு அது தப்பினதில்லை, தாயே."

தாயே என்று அவன் சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்தப் பொருளும் வெளியில் கிடக்கக்கூடாது என்று திட்டத்தில் ஒரு விதி எழுதி, அந்த மரத்தட்டைப் பெயர்த்து எறிந்துவிட்டு இரும்பு லாக்கர்களை வைத்தேன். கதவில் அட்டைக் கருவி, அபாய மணி அடித்தால் எல்லோரும் வெளியே கூடும் இடத்திலும் ஒரு கருவி. உள்ளே போன அட்டைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டால் என் கைக்கருவியின் திரையில் பச்சை எரியும். அழகான ஏற்பாடு. ஆட்கள்தான் சரியில்லை.

கெர்ட்டு பார்வையிட வந்த அன்றே அபாய மணி அடித்தது. ஒத்திகை இல்லை, வாயு கசிந்திருந்தது.

தலை முதல் கால் வரை வெள்ளை மூடிய உருவங்கள் பனியில் ஓடிவந்து வரிசையாக அட்டையைக் காட்டின. எதுவும் முகமூடியைக் கழற்றவில்லை, அந்தக் குளிரில் எப்படிக் கழற்றும்? திரையில் பச்சை எரிந்தது. கெர்ட்டு எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்த ஓர் உருவத்தைப் பார்த்தேன்.

"நீ ஏன் அட்டை காட்டலை?"

"காப்பி அறையில இருக்கு." வென்லாவின் குரல், எங்கள் ஆராய்ச்சி மாணவி. "காலையில முன்னாடி போன பெக்கா கதவைத் திறந்தாரு, நானும் அப்படியே கூட..."

"உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? குளிருச்சு, எல்லாரும் சேர்ந்துதான் போனோம்."

அவளை அந்தப் பனியிலேயே புதைத்துவிடலாம் போலிருந்தது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. கெர்ட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "உள்ள யாராவது இருக்காங்களா? ஆள் இருந்தா மட்டும்தான் என் பசங்களை அந்த வாயுவுக்குள்ள அனுப்புவேன்."

பச்சை கையிலேயே இருந்தது. யாரும் இல்லை என்று சொன்னால் போதும், திட்டம் பிழைத்துவிடும். கூடமும் பிழைத்துவிடும்.

"தெரியாது" என்றேன்.

"பச்சை எரியுதே?"

"அதை நம்பாதீங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் குடுங்க."

வாசல் அறைக்குள் வாயு வரவில்லை என்று ஒரு வீரர் உறுதி சொன்னார். பொதுச்சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நானே வாங்கி, நானே பூட்டு போட்ட லாக்கர்கள். விரல் மரத்துச் சாவி வழுக்கியது. என்னை நானே திட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து, ஷூக்களைச் சலவைக் கூடையில் வாரிப்போட்டு வந்து பனியில் கொட்டினேன்.

"அவங்கவங்க ஷூவை எடுங்க! சீக்கிரம்!"

வெள்ளை உருவங்கள் முண்டியடித்து எடுத்துக்கொண்டன. ஒரு ஜோடி மிஞ்சியது. படகு அளவுக்குப் பெரிய பழுப்பு ஷூ, ஒன்றில் மட்டும் சிவப்புக் கயிறு.

"இல்போ" என்றாள் வென்லா.

முகக்கவசம் மாட்டிய இருவர் உள்ளே ஓடினார்கள். அவனைத் தாங்கிப் பிடித்து வெளியே கொண்டுவந்தபோது இருமிக்கொண்டே ஒரு சிலிக்கான் தட்டுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தான். பம்பு சத்தத்துக்காகக் காதை அடைத்துக்கொண்டு, கடைசி அறையில் அபாய விளக்குக்கு முதுகு காட்டி வேலை செய்திருக்கிறான் மகாராஜா. அட்டை? காப்பி அறையில்.

"தட்டு இன்னும் முடியலை, ரைலி" என்றான். அறைந்திருப்பேன், அதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

கெர்ட்டு என் திட்டத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல கையெழுத்துப் போட மாட்டேன். உருளைகள் நாளைக்கே போகுது. திருத்தி எழுதுங்க, வசந்தத்துல பாக்கலாம்." போகப் போனவள் நின்றாள். "நீங்க யாரும் இல்லைன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

ஏப்ரலில் கூடம் திறந்தது. அட்டைக் கருவி அப்படியே இருந்தது, மரத்தட்டும் பழைய இடத்துக்கு வந்தது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் கெர்ட்டு கையெழுத்துப் போட்டாள், சிரிக்கவில்லை. முதல் நாள் காலை, இன்னும் பனி பெய்துகொண்டிருந்தது. இல்போ அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தான். நான் வழக்கம்போல அவன் முதுகோடு ஒட்டி நுழையப் போனேன். அவன் என் மூக்கில் இடிக்காத குறையாகக் கதவைச் சாத்தினான்.

"அட்டை எங்க, தாயே?" என்றான் கதவுக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்து.

பைகளைத் துழாவினேன். இல்லை. நேற்று காப்பி அறையிலேயே விட்டிருக்கிறேன்.

"இல்போ, திற. குளிருது."

அவன் நிதானமாகக் குனிந்து அந்தப் படகு ஷூவைக் கழற்றினான். நான் பார்க்கும்படி மரத்தட்டில் வைத்தான். உள்ளே போய்விட்டான். பனியில் நின்று கதவை உதைத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன், அந்தச் சிவப்புக் கயிற்றைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.