சூளைக் கணக்கின் அட்டை

விருத்தாசலத்தில் அந்தப் பள்ளிக்குச் சாருலதா வந்து பதினோரு வருஷம். கணக்கு டீச்சர் என்றால் அவள்தான் என்றிருந்தது, இந்த ஜூனில் மங்கலம்பேட்டையிலிருந்து ஷிபானா வந்து சேரும்வரை. ஒன்பதாம் வகுப்பு அ பிரிவு ஷிபானாவுக்குப் போனது. சாருலதாவின் மகள் ஸ்மிருதி படித்ததும் அதில்தான்.

"அம்மா, இன்னைக்கு ஷிபானா மிஸ்ஸு..." என்றுதான் தினமும் சாப்பாடே ஆரம்பிக்கும். இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாடுகளை ஷிபானா அட்டைகளில் எழுதியிருந்தாளாம். வேறு அட்டைகளில் ஊரில் நடக்கிற சங்கதிகள். எதற்கு எது என்று பிள்ளைகள் தேடிப் பிடிக்க வேண்டும்.

"நீ வூட்டுல சொல்லிக்குடுத்தப்ப x, y எல்லாம் வெறும் எழுத்தா இருந்துதும்மா. இப்பத்தான் புரியுது."

சாருலதாவுக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை ஷிபானாவின் வகுப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருவதாகத் தலைமையாசிரியர் சொன்னார். 'சாருலதா, நீங்களும் போய் உட்காருங்க, கத்துக்கலாம்' என்றார் வேறு. கத்துக்கலாம்! அந்தச் சொல் அவளைத் தைத்தது. ஆசிரியர் அறை அலமாரியில் ஷிபானாவின் பெட்டி இருந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து, கைக்கு வந்த ஒரு சமன்பாட்டு அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வகுப்பு நன்றாகத்தான் போயிற்று. கடைசியில் ஸ்மிருதியும் இன்னொரு பெண்ணும் மட்டும் மேஜையருகே நின்றார்கள். ஸ்மிருதியின் கையில் இருந்த அட்டை: 'சூளையைப் பற்றவைக்கும்போது சூடு 30 டிகிரி. பிறகு மணிக்கு 100 டிகிரி ஏறுகிறது.' தேடித் தேடிப் பார்த்துவிட்டு, மேஜையில் மிச்சமிருந்த y = 30x + 100 என்பதை எடுத்தாள்.

"அது என்னுது. தண்ணித் தொட்டிக் கணக்கு" என்று அந்தப் பெண் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, பத்தவைக்கும்போதே சூளை நூறு டிகிரியில இருந்துதா?" என்றார் அதிகாரி. வகுப்பு சிரித்தது. ஸ்மிருதியின் கண் நிறைந்துவிட்டது.

ஷிபானா அட்டைகளை எண்ணிப் பார்த்தாள். "ஒண்ணு கொறையுது சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் சரியா பாக்காம கொண்டாந்துட்டேன்."

அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

பின் பெஞ்சில் இருந்த சாருலதா எழுந்தாள். பையைத் திறந்து y = 100x + 30 அட்டையை மகளிடம் கொடுத்தாள். "எங்கிட்ட இருந்துது சார். அவங்க மேல தப்பில்ல."

மணி அடித்ததும் வராந்தாவில் ஷிபானா வழிமறித்தாள்.

"உங்க பைக்குள்ள எப்படி டீச்சர் வந்துச்சு?"

"எடுத்தேன்."

"ஏன்?"

"என் பொண்ணு வாயத் தெறந்தா உங்க பேருதான் வருது. பொறுக்கல."

"எங்கிட்ட கேட்டிருந்தா பெட்டியையே குடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஷிபானா போனாள். மறுநாளிலிருந்து அந்தப் பெட்டி அலமாரியில் இல்லை. தினமும் அவளோடு பஸ்ஸில் மங்கலம்பேட்டைக்குப் போய் வந்தது.

ஸ்மிருதி இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. பொறாமை தீர்ந்துவிட்டது என்று சாருலதாவால் சொல்ல முடியாது. அ பிரிவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தன் ஆ பிரிவுக்காக இருபது அட்டைகள் எழுதினாள். ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் வேகம், அக்கா தங்கை வயசு என்று என்னென்னவோ. நாலு சரியாக அமையவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தாள்.