இளஞ்செழியன் பாதியில் விட்ட டிரைவர்

அன்று காலை வந்த மின்மடல்களில் ஒன்றில் ராதிகாவின் கணவன் பெயர் இருந்தது. இளஞ்செழியன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அனுப்பியவர் போலந்துக்காரர், மாரெக் என்று பெயர். உலகமெங்கும் பல கணினிகளை இயக்கும் லினக்ஸ் கர்னலில் சேர்க்கச் சொல்லி ஒரு டிரைவரை அனுப்பியிருந்தார். பிராசஸர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்று படித்துச் சொல்லும் சின்ன நிரல். இளஞ்செழியன் தொடங்கிப் பாதியில் விட்டதைத் தான் எடுத்து முடித்திருப்பதாகக் குறிப்பு. அந்தப் பகுதிக்கு வரும் நிரல்களைச் சரிபார்ப்பது ராதிகாவின் வேலை. அவள் யாரென்று மாரெக்குக்குத் தெரிய நியாயமில்லை.

சென்னை வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றானதும் கணவனும் அவளும் அவன் ஊரான நைனார்பாளையத்துக்கு வந்து, மாடி அறையில் ஆளுக்கொரு மேசை போட்டுக்கொண்டவர்கள். காய்ச்சலில் அவன் போன பிறகும் அவள் திரும்பிப் போகவில்லை. கீழே மாமனார் கந்தசாமி தனியாக இருந்தார். அவர் காய்கறி வாங்கி வருவார், அவள் சமைப்பாள். பேச்சு அவ்வளவாக இல்லை.

அவள் நிரலைப் படித்தாள். எந்த வரி மாரெக்குடையது, எது கணவனுடையது என்று பார்த்ததும் தெரிந்தது. இவன் நிரலுக்கிடையே எழுதும் குறிப்புகளில் கேள்வி கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொள்வான். அரை மணியில் முடிக்க வேண்டியதை மதியம்வரை படித்தாள்.

பிறகு சோதித்தாள். இதற்கென்று அவன் வாங்கிய கணினி போர்டு அவன் மேசையிலேயே இருந்தது. அதன் மின்விசிறியைக் கழற்றிவிட்டுக் கடுமையான கணக்கொன்றைக் கொடுத்து ஓடவிட்டாள். மே மாத வெயில். அறையே அடுப்பாக இருந்தது. திரையில் சூடு எண்பது, தொண்ணூறு என்று ஏறியது. திடீரென்று நாற்பத்தாறு என்று காட்டியது. பிராசஸர் மேலிருந்த உலோகத் தகட்டைத் தொட்டாள். விரல் பொத்துவிடும் போலிருந்தது.

பிராசஸர் சில்லின் விவரக் கையேடான டேட்டாஷீட்டில் காரணம் கிடைத்துவிட்டது. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் அந்தச் சில்லு வேறு அளவுகோலுக்கு மாறி, மாறியதை ஒரு பிட்டில் குறித்து வைக்கும். நிரல் அந்தப் பிட்டைப் பார்க்கவே இல்லை. அந்த வரி மாரெக் எழுதியதல்ல.

“டேட்டாஷீட்ட முழுசாப் படிச்சியா இல்லியாப்பா?” என்று கேட்க நாற்காலியைத் திருப்பினாள். அவன் நாற்காலியில் துவைத்து மடித்த துணிகள் இருந்தன.

குறையை விளக்கி, இப்படியே சேர்க்க முடியாது என்று எழுதி அனுப்பினாள். உடனே ஒரு மடல் திரும்பி வந்தது. பெறுநர்களில் ஒருவரின் முகவரி இப்போது இல்லை என்றது. இளஞ்செழியனின் பெயரை எடுக்காமலே அனுப்பியிருந்தாள்.

மறுநாள் மாரெக் பணிவாகப் பதில் எழுதியிருந்தார். அந்த வரி மூல ஆசிரியருடையது, ஏதாவது காரணம் வைத்திருப்பார், அவரையே கேட்டுவிடலாமா என்று.

ராதிகா எழுதி அழித்து, மறுபடி எழுதினாள். ‘அவரைக் கேட்க முடியாது. இறந்துவிட்டார். என் கணவர். காரணம் எதுவும் இல்லை, கவனிக்காமல் விட்டிருக்கிறார்.’

இரண்டு நாள் கழித்துத் திருத்திய நிரல் வந்தது. வருத்தம் தெரிவித்துவிட்டு, ஆசிரியர் பெயரில் இளஞ்செழியனையே முதலில் வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வையுங்கள் என்றாள். மறுபடி சோதித்தாள். சூடு நூறைத் தாண்டியும் சரியாகக் காட்டியது. சரிபார்த்தவர் என்று தன் பெயரை அவன் பெயருக்குக் கீழே சேர்த்தாள்.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கீழே இறங்கினாள். கந்தசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா, அவரு எழுதி வச்சது ஒண்ணு இப்ப வெளிய வரப்போவுதுங்க. உலகத்துல எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போவும்.”

“யாரு, நம்ம செழியனா?” சோற்றில் கை நின்றது. “அதுக்குதான் நாலு நாளா மேலயே உக்காந்துகினு இருந்தியா?”

“ஒரு எடத்துல தப்பு இருந்துதுங்க. சொல்லித் திருத்த வச்சேன்.”

“தப்பா எழுதிட்டானா?”

“சின்னத் தப்புதாங்க.”

அவர் யோசித்தார். “இருந்திருந்தா ஒத்துக்கினு இருக்கமாட்டான்.”

“ஒரு வாரம் சண்ட போட்டிருப்பாருங்க.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியது. கந்தசாமி கை கழுவிவிட்டு வாசலில் நின்று கல்வராயன் மலைப் பக்கம் பார்த்தார்.

“மல மேல மழ புடிச்சிக்கிச்சி. கரும்ப ஒரு எட்டு பாத்துட்டு வரேன்மா.”

அவர் போனதும் ராதிகா தனக்கு ஒரு தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தாள்.