அன்னமேரி யார்மேல் கோபப்படுவது?

அன்னமேரிக்கு ஒரு நீதிபதிமேல் ஏழு வருடம் கோபம் இருந்தது. லேசுப்பட்ட கோபமில்லை. ஞாயிறு பூசையில் மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த வரிக்குத்தான் திறப்பாள்.

அந்த நீதிபதிதான் 2015இல் அவள் தம்பி கெல்வினுக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, இருபத்தேழு வயதில், கெல்வின் விமான நிலையத்தில் ஒரு பெட்டியோடு பிடிபட்டான். பெட்டியின் அடியில் போதைப்பொருள் இருந்தது. எடை, சட்டம் சொன்ன அளவைத் தாண்டியிருந்தது. தீர்ப்பு வாசிக்கும்போது நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு வேறு வழியில்லை" என்றார். வழியில்லையாம்! அவ்வளவு பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்ல ஒரு மனிதருக்கு வெட்கமாக இருக்காதா? இதை அன்னமேரி லிட்டில் இந்தியாவில் தான் வேலை பார்த்த புடவைக் கடையில், முதலாளி ஹபீபா பீவியிடம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள்.

கோபத்தைத் திருப்பிவிட்டவள் வழக்கறிஞர் ரமணி. வயதில் சின்னவள், பேச்சில் கெட்டிக்காரி. மேல்முறையீடெல்லாம் தோற்ற பிறகு வழக்கைக் கையில் எடுத்தாள்.

"அக்கா, அந்த நீதிபதியத் திட்டாதீங்க. இவ்வளவு எடைக்கு மேல போனா தூக்குதான், வேற எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. ஆளு யாரு, ஏன் செஞ்சான், ஒண்ணையும் அவரு பார்க்க முடியாது."

"எழுதினது யாரு?"

"நாடாளுமன்றம். எழுதினவங்கதான் மாத்தணும். நீதிபதியால ஒரு வரியக்கூட அழிக்க முடியாது லா."

அன்னமேரிக்கு இது புதுச் சேதி. அவளுக்குத் தெரிந்த நாடாளுமன்ற உறுப்பினர் பண்டிகைக்குப் பண்டிகை கடைத்தெருவுக்கு வந்து கைகுலுக்குகிறவர். சாக்கடை அடைத்துக்கொண்டால் எல்லாரும் வாட்ஸ்ஆப் அனுப்புவது அவருக்குத்தான். அந்த மனிதர் கையிலா கெல்வினின் கழுத்து இருக்கிறது? நீதிபதிமேல் இருந்ததை மூட்டை கட்டி அப்படியே கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டாள்.

2022 அக்டோபரில் கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் மசோதா அவைக்கு வந்தது. முதல் வாசிப்பு என்று ரமணி சொன்னதும், அன்னமேரி கேசரி கிண்டிக் கடைக்குக் கொண்டுபோனாள். நாலே நாளில் நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள். தேர்தலாம்.

"அந்த மசோதா என்னாச்சு மிஸ்?" என்று ரமணியிடம் கேட்டாள்.

"அவை கலைஞ்சா அதுவும் போச்சுக்கா. புது அவை வந்து முதல்ல இருந்து கொண்டுவரணும்."

அன்றைக்கு ஹபீபா பீவி கடையை அரைமணி நேரம் முன்னதாகவே சாத்தினார். "கேசரிய நீ அவசரப்பட்டுக் கிண்டிட்டே மேரி" என்று மட்டும் சொன்னார்.

புது அவை வந்தது. மசோதாவும் மறுபடி வந்தது. 2023 ஏப்ரல் மூன்று, புனித வாரத்துத் திங்கட்கிழமை. அன்னமேரி கல்லாவில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, அவையின் நேரலையைப் போட்டு, பக்கத்தில் ஒரு தாளில் 'ஆமாம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டாள். இருநூற்று இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவராக எழுந்து கை தூக்குவார்கள், தான் கோடு போட்டுக்கொண்டே வரலாம் என்பது அவள் நினைப்பு. ஓர் அம்மாள் மருமகளுக்குச் சீலை கேட்டு வந்தாள். அன்னமேரி மேலடுக்கிலிருந்து நாலு சீலையை இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆமாம் என்பவர்கள் சொல்லுங்கள் என்றார் சபாநாயகர், ஒரு சத்தம் எழுந்தது, நிறைவேறியது என்றார்.

"எண்ணலையா? ஐயோ, எண்ணவே இல்லையே!"

"சத்தத்த வெச்சே முடிவு பண்ணிருவாங்களாம்" என்றார் ஹபீபா பீவி. அதை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பத்து வருடம் ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இவர்கள் பாசாரில் மீன் ஏலம் விடுவதுபோல ஒரு சத்தத்தில் முடிக்கிறார்களே என்று அன்னமேரிக்குப் பொங்கியது. தாளைக் கசக்கி எறிந்தாள். பிறகு குனிந்து எடுத்து, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதோடும் முடியவில்லை. மேலவை ஒப்புக்கொள்ள வேண்டும், மாமன்னர் இசைவு தர வேண்டும், அரசிதழில் வர வேண்டும், அமலுக்கு வரும் தேதியை அமைச்சர் குறிக்க வேண்டும். ஏற்கெனவே தண்டனை பெற்றவர்கள், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தில் மனுப்போட இன்னொரு சட்டமும் வேண்டும். அதுவும் வந்தது. செப்டம்பரில் மனு தயாரானபோது ரமணி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

"இதுல நீங்க எழுதணும்க்கா. கெல்வின் யாரு, ஏன் அவரு உயிரோட இருக்கணும்னு. தமிழ்லயே எழுதுங்க, நான் மலாய்ல மாத்திக்கிறேன்."

"அதெல்லாம் எதுக்கு? சட்டத்தத்தான் மாத்திட்டாங்களே?"

"தூக்குத் தண்டனைய எடுத்துடலக்கா. தூக்கா, ஜெயிலான்னு நீதிபதியே பார்த்துச் சொல்லலாம்னு மாத்தியிருக்காங்க. இத்தனை வருஷம் யாரும் உங்கள ஒரு கேள்வி கேக்கல. இப்ப கேப்பாங்க."

வீட்டில் அன்னமேரி நாலு தாளைக் கிழித்தாள். கெல்வினுக்குப் பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியாது என்றுதான் பத்து வருடமாக ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னாள். ஆனால் தீர்ப்புக்கு மறுவருடம், சிறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தொலைபேசியில் அவனே சொல்லிவிட்டான்: "எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் எடுத்துட்டுப் போனேன்." சாகப்போகிறவனிடம் என்ன சண்டை போடுவது? "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, ரமணியிடம்கூட.

பழைய சட்டத்தில் அவனுக்குத் தெரிந்தாலும் ஒன்றுதான், தெரியாவிட்டாலும் ஒன்றுதான். தராசு மட்டும்தான் பேசியது. இப்போது ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கப்போகிறார். அவரிடம் பொய்யைக் கொடுத்து, அது பலிக்காமல் போனால்? உண்மையைக் கொடுத்து, அதனாலேயே தூக்கு நிலைத்துவிட்டால்? ஐந்தாவது தாளில் எழுதினாள்: 'என் தம்பிக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தான். அதை என்னிடம் மறைக்காமல் சொன்னவனும் அவன்தான். அவனுக்குத் தெரியாது என்று ஊருக்குப் பொய் சொன்னது நான்.'

ரமணி படித்துவிட்டுத் தாளைக் கோப்புக்குள் வைத்தாள். "கெல்வின்கிட்ட கேட்டுட்டு அனுப்புறேன்" என்றாள். கெல்வின் அனுப்பச் சொன்னான்.

புத்ராஜெயாவில், கூட்டரசு நீதிமன்றத்தில், மூன்று நீதிபதிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு கூண்டைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கெல்வின் எழுந்து, நீதிபதியை விளிக்கும் மலாய் மரியாதைச் சொல்லோடு, "எங்கக்கா எழுதினது சரிதான், யாங் அரிஃப்" என்றான். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கு ரத்தானது. பிடிபட்ட நாளிலிருந்து முப்பது வருடம், பன்னிரண்டு பிரம்படி. நடத்தை நன்றாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று ரமணி காதில் சொன்னாள். அன்னமேரி கையை எடுத்துக் கும்பிட்டாள்; யாரைக் கும்பிட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுமாதம் சிறைக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கெல்வின் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்து தொலைபேசியை எடுத்தான். "நல்லா இருக்கியாக்கா?"

"வாய மூடு" என்றாள் அன்னமேரி.

அவன் திகைத்துப்போனான்.

"புத்தி எங்கடா போச்சு உனக்கு? எவனோ குடுத்தா வாங்கிட்டுப் போயிருவியா? அம்மா கண்ண மூடுறப்போ உன் பேரத்தானே சொல்லிட்டுக் கிடந்தாங்க. நான் ஒருத்தியா நின்னு அடக்கம் பண்ணினேன், தெரியுமா உனக்கு? எத்தன பேர் வீட்டுப் புள்ளைங்க அந்தக் கருமத்தத் தின்னு சாவுதுங்க, யோசிச்சியா, மடையா?"

மூச்சு விடாமல் திட்டினாள். பக்கத்துச் சன்னல்களில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கெல்வின் தலையைக் குனிந்து, தொலைபேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான். அவன் தோள் குலுங்கியது. நேரம் முடிந்தது என்று வார்டர் மேசையைத் தட்டினார்.

அன்னமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பாதிதான் திட்டியிருக்கேன்" என்றாள். "மிச்சத்த அடுத்த மாசம் வந்து திட்டுறேன்."