இரண்டு ஓட்டை விழுந்த தட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு காகிதத் தட்டிலிருந்து கிடைத்தது. பின்லாந்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பல வருடமாயிற்று. எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்துக்கு ஏலக்காய் பன் செய்து கொடுப்பவள் நான், துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனாலும் ஆரம்பித்துப் பார்க்கிறேன்:

‘பனி மூடிய காட்டில் ரெய்யோ தன் ரைஃபிளை…’

வேண்டாம். அப்போது கோடை முடிகிற நேரம். பனி ஏது, கொசுதான் இருந்தது.

2

ரெய்யோவின் புது ரைஃபிள் நானூறு மீட்டர் எட்டும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். சங்கத் தலைவர் ஔலிஸ் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். பன் தின்ற தட்டில் அவரவர் பெயரை எழுதி, பலகையில் குத்திவைத்துச் சுடச் சொல்வார். பட்டால் வேறு தட்டோடு பலகை இன்னும் பின்னால் போகும். எங்கே தவறுகிறாயோ அதுதான் உன் தூரம். அதற்கு அப்பால் நிற்கும் மூஸ் மானைச் சுடக் கூடாது. [காயம்பட்டு ஓடிய மானைத் தேடி அலைந்தவர்கள் போட்ட சட்டம்.] வேட்டையன்று நெடுந்தூரம் சுடுபவருக்குக் காவல் நிற்க வயலோரம், மற்றவருக்குப் புதர். வயலோரம் வெகுகாலமாக ரெய்யோவின் இடம்.

3

கடைசியில் மிஞ்சியது ரெய்யோவும், அவனோடு பள்ளியில் படித்தவளான தூலிக்கியும். ஆளுக்கு ஒரு குண்டு. போய்ப் பார்த்தால் தூலிக்கியின் தட்டில் நட்டநடுவே இரண்டு ஓட்டை. ரெய்யோவின் தட்டில் வெண்ணெய்க் கறை மட்டும்.

“ஏம்ப்பா ரெய்யோ, உன் புதுத் துப்பாக்கிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா?” என்றார் ஔலிஸ்.

4

ரெய்யோ எப்படி மாட்டிக்கொண்டான் பாருங்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தட்டு மாறிவிட்டது என்றால் வயலோரம் போயிற்று. வேண்டுமென்றே சுட்டேன் என்றால் அவனைப் போல் குறி தவறாதவன் இந்தப் பக்கத்திலேயே கிடையாது; ஆனால் ஏன் அந்தத் தட்டு என்று கேட்பார்கள். அந்தப் பதிலைப் பள்ளிக்கூட நாளிலிருந்து விழுங்கிக்கொண்டிருக்கிறான். [எனக்கு எப்படித் தெரியுமா? எழுதுவது நான்தானே.]

முதல் முடிவில் அவனைப் புதருக்கு அனுப்பினேன். எனக்கே அழுகை வந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘ரெய்யோ எல்லார் முன்னாலும் தூலிக்கியின் கையைப் பிடித்து, என் உயிரே…’

எங்கள் ஊர் ஆண்பிள்ளையா? வானிலையைப் பற்றிப் பேசவே யோசிப்பான்.

5

தூலிக்கி தன் தட்டைப் பிய்த்தெடுத்தாள். அதிலேயே ஒரு பன்னை வைத்து அவனிடம் நீட்டினாள். ஓட்டை வழியாகச் சர்க்கரை உதிர்ந்தது.

“நீ எதக் குறி வெச்ச, ரெய்யோ?”

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கிறாள். பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டேன். இவ்வளவு கிட்டத்திலும் அவன் தவறினால், அது உங்கள் குறைதான்.