முந்தி வந்த பந்து

அல்ஹெனிஸ் பெகெரோ எறியும் பேஸ்பால் பந்து, அவன் எறிவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். பாலோ அமார்கோ கரும்புத் தோட்டக் குடியிருப்பில் இதை முதலில் அறிந்தவள் அவனுடைய அக்கா யூதெல்கா. அவன் பந்தைப் பிடிக்க மற்ற பையன்கள் பயந்தார்கள். அதனால் வீட்டுக்குப் பின்னால் கையுறையை மாட்டிக்கொண்டு குந்தி உட்காருவது அவள் வேலையாயிற்று. அவனுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒருநாள் பந்து சடாரென்று கையுறைக்குள் வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவன் கை சுழன்றது. இருவரும் சிரித்தார்கள். மறுநாள் சிரிக்கவில்லை. அவன் வளர வளர இடைவெளியும் வளர்ந்தது. மீசை அரும்பிய வருடத்தில், அவன் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பந்து வந்தது. பதினேழு வயதில் மூன்று நாள் முந்தி வந்தது. வெறும் காற்றிலிருந்து, விடிந்த கையோடு, கரும்புக்காடு இருந்த திசையிலிருந்து. அவள் அவற்றை ஓர் அரிசிச் சாக்கில் போட்டுவைப்பாள். மூன்றாம் நாள் மாலை ஒவ்வொன்றாக எடுத்துத் தம்பியிடம் கொடுப்பாள். அவன் எறிவான். விரலை விட்ட நொடியில் பந்து இல்லாமல் போகும். அந்தப் பந்துகளை யாரும் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை. அவற்றின் ஆயுள் மூன்று நாள்.

குடியிருப்பில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. அந்த வருடம் சர்க்கரை ஆலை பாதி நாள் ஓடவில்லை, வாழைக்காய் விலை ஏறிக்கிடந்தது, பேச அதுவே போதுமானதாக இருந்தது. ஒரே ஒருமுறைதான் பயந்தார்கள். காய்ச்சல் என்று அல்ஹெனிஸ் எறிய மறுத்த நாள் அது. பிற்பகல் முழுவதும் அவனுடைய வலது கை மட்டும் சில்லிட்டு, வேறு யாருடையதோபோல உடம்பிலிருந்து தொங்கியது. பிறகு அவன் கண்ணயர்ந்தான். தூக்கத்திலேயே எழுந்து நின்றான். மூடிய கண்களோடு சாக்கிலிருந்த பந்துகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரை நோக்கி எறிந்தான். சுவரில் எதுவும் படவில்லை. அவர்களுடைய அம்மா நெரெய்தா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு சாக்கை உதறி மடித்து வைத்தாள். வந்த பந்தை எறிந்தே ஆகவேண்டும் என்பதை அன்றோடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் அவன் எறிவதைப் பார்க்கவேண்டியவர்கள் குடியிருப்பு மக்கள் அல்ல. சான் பெத்ரோ நகரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு பையனுக்குப் பதினாறு வயதில் விலை உண்டு, பதினேழில் பேரம் உண்டு, பதினெட்டில் ஒன்றும் இல்லை. பிறகு கரும்பு வெட்டலாம், அல்லது வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். அமெரிக்க பேஸ்பால் கிளப்புகளுக்காகப் பையன்களைத் தேடி அலையும் தேர்வாளர்கள் வெயில் தாழ்வதற்குள் வருவார்கள்; ஓடச் சொல்வார்கள், எறியச் சொல்வார்கள், அடிக்கச் சொல்வார்கள், போய்விடுவார்கள். அவர்களைக் கூட்டிவருபவர் தொன் உபால்டோ. பையன்களைத் தன் வீட்டில் வைத்து முட்டையும் வாழைக்காயும் போட்டு வளர்த்து, எவனாவது ஒப்பந்தமானால் அதில் பங்கு எடுத்துக்கொள்ளும் பயிற்சியாளர். தேர்வாளர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எறிபவனின் முழங்கால் மேலே எழும்போதுதான் வேகம் பார்க்கும் கருவியைத் தூக்குவார்கள். அல்ஹெனிஸின் முழங்கால் எழுந்தது, கருவிகள் எழுந்தன, கை சுழன்றது, கருவியில் சைபர் விழுந்தது.

"தொன் உபால்டோ, பையன் டான்ஸ் நல்லா ஆடுறான். பந்து எங்க? சோத்தோட சேத்து முழுங்கிட்டானா?" என்றார் ஒரு தேர்வாளர்.

"அது திங்கக்கிழமையே வந்துடுச்சு சார்," என்றாள் யூதெல்கா, வலைக்கு இந்தப் பக்கமிருந்து. "காலையில வந்து என் கையுறையப் பாருங்க."

அவர்கள் அவளையும் சேர்த்துச் சிரித்தார்கள். செவெரினோ என்ற ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒடிசலான ஆள், எப்போதும் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருப்பவர். கிளம்பும்போது உபால்டோவிடம், "வர்ற வியாழக்கிழமை ஒரு தடவை வர்றேன். அதோட சரி," என்றார். ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் ஜூலை இரண்டாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகஸ்டில் அல்ஹெனிஸுக்குப் பதினெட்டு.

திங்கட்கிழமை காலை யூதெல்கா வழக்கம்போலக் குந்தினாள். வியாழக்கிழமையின் பந்துகள் அன்று வரவேண்டும். கரும்புத் தோகைகள் அசைந்தன. ஒரு கொக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிற்று. வெயில் முதுகில் ஏறி, முழங்கால் மரத்து, அம்மா இரண்டு தடவை காப்பிக்குக் கூப்பிட்ட பிறகும் கையுறை காலியாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. வந்த பந்தை எறிந்தே ஆகவேண்டும் என்றால், வராத பந்தை அவன் எறியப்போவதில்லை. வியாழக்கிழமை தேர்வாளர் வந்து நிற்கையில், கை இருந்தும் ஒருவன் எறியாமலிருக்கக் காரணம் என்ன? அவளுக்கு ஒரே காரணம்தான் தோன்றியது. அதை மனதுக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்க்க அவள் துணியவில்லை.

தம்பியை மோட்டார் சைக்கிளில் ஏறவிடவில்லை. கால்வாய்ப் பக்கம் போகவிடவில்லை. அவன் தட்டிலிருந்த மீனை அவளே முள் எடுத்துக் கொடுத்தாள்.

"என்னக்கா, எனக்கென்ன பல்லு முளைக்கலயா?"

"மூடிட்டுத் தின்னுடா."

"அம்மா, இவளப் பாரேன்! கக்கூசுக்குப் போனாலும் கதவுக்கிட்ட நிக்கிறா."

"நிக்கட்டும் விடு," என்றாள் நெரெய்தா. "நாளைக்கு நீ பெரிய ஆளாயிட்டா காவலுக்கு ஆள் வேணும்ல."

மாலையில் அவன் எறிந்தான். சாக்கு இளைத்துக்கொண்டே வந்தது. புதன்கிழமை மாலை அவள் கடைசிப் பந்தை எடுத்து, கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அவன் கை நீட்டினான். அந்த விரல்கள் ஏற்கெனவே சில்லிட ஆரம்பித்திருந்தன. அவள் கொடுத்தாள். அவன் முழங்காலை உயர்த்தி, அன்றைக்கு என்னவோ மிக அழகாக எறிந்தான். பந்து இல்லாமல் போயிற்று. அவள் வெறும் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை செவெரினோவின் வண்டி சாலைப் பக்கமிருந்து வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், கரும்புக்குள்ளிருந்து வந்தது. கூரையெல்லாம் காய்ந்த தோகை. தேர்வாளர்களில் சிலருக்கு இந்த வழக்கம் உண்டு: பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பையன்கள் வேறு ஆட்களாகிவிடுவார்கள் என்பதால், தெரியாமல் வந்து மறைந்திருந்து பார்ப்பார்கள். அன்று கிளம்பியதிலிருந்து ஒரு வாரமாக அவர் கரும்புக்குள்தான் இருந்திருக்கிறார். காலையில், பந்து எறிய ஆளில்லாத மேட்டைப் பார்த்துக் குந்தியிருக்கும் பெண்ணின் கையுறைக்கு நேராகக் கருவியைப் பிடித்திருக்கிறார். மூன்று நாள் கழித்து, மாலையில், ஒரு பையன் ஒன்றுமில்லாததை எறிவதையும் பார்த்திருக்கிறார்.

"தொண்ணூத்தாறு மைல் வேகம்," என்றார் அவர், விதையைத் துப்பிவிட்டு. சவரம் செய்யாத முகம் வெளிறியிருந்தது. "ஒண்ணு தொண்ணூத்தெட்டு. அத அடிக்கிறவன் இன்னும் பொறக்கல. பையன் எங்க?"

"இப்ப எறியச் சொல்லவா?" என்று, விடியும் முன்பே வந்து காத்திருந்த உபால்டோ பரபரத்தார்.

"எறிய வேணாம். ஒரு பந்துகூட வேணாம். மத்த கிளப்காரன் மோப்பம் பிடிக்கறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடணும். ரெண்டாந்தேதி வரைக்கும் ஒரு வீட்டுல ஒளிச்சு வெப்போம். துணிய எடுத்துக்கடா தம்பி."

அதுவும் வழக்கம்தான். பிடித்த பையன்களைக் கையெழுத்து நாள்வரை கிளப்புகள் ஒளித்துவைக்கும். நெரெய்தா கத்தி அழுதாள், பிறகு கோழியைப் பிடிக்க ஓடினாள், அதை அறுப்பதற்குள் வண்டி கிளம்பத் தயாராகிவிட்டது. யூதெல்கா வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, அழறியா சிரிக்கிறியா?"

"போடா நாயே," என்றாள் அவள். "நீ சாவப்போறன்னு நெனச்சேன்டா."

அவன் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான். வண்டி போனது. கரும்பு மூடிக்கொண்டது.

அதன்பின் வருடங்கள் போயின. பந்துகள் அவனுக்காகக் குந்துபவர்களிடம் போய்ச்சேர்ந்தன. கிளப்பின் பயிற்சி முகாமில் பானி ஊர்ப் பையன் ஒருவன் பல் விளக்கும்போதே கையுறையை மாட்டிக்கொண்டுவிடுவானாம். வருடத்துக்கு வருடம் இடைவெளி நீண்டது; கிளப் அதற்குத் தகுந்தாற்போல நேரத்தை மாற்றிக்கொண்டது. வீட்டுக்கு சிமெண்ட் தரை வந்தது, தகரம் போய் கான்கிரீட் கூரை வந்தது, குளிர்சாதனப் பெட்டி வந்தது. அல்ஹெனிஸ் மட்டும் வரவில்லை. முதலில் விசா, பிறகு சீசன், பிறகு ஒரு மனைவி, பிறகு தொலைபேசியில் நீளமான மௌனங்கள். யூதெல்காவுக்குத் திருமணமாகி, அது முறிந்து, அவள் அம்மாவோடு திரும்ப வந்து சேர்ந்தாள். விடியற்காலையில் வீட்டின் பின்னால் குந்துவதை அவள் விடவில்லை. ஏன் என்று அக்கம்பக்கத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் வெறும் கையுறையோடு எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, காப்பி போடப் போவாள். இனி அவன் ஒருபோதும் இந்த வீட்டில் நின்று எறியப்போவதில்லை என்று அதற்கு அவள் பொருள் எடுத்துக்கொண்டாள். அவள் அதோடு வாழப் பழகியிருந்தாள்.

மழைக்காலத்தின் ஒரு காலையில் பந்து வந்தது. சடாரென்று வரவில்லை. தாழ்வாக, நடுங்கிக்கொண்டு, கடைசியில் தரையில் ஒருமுறை பட்டு எழும்பி, உருண்டு கையுறைக்குள் ஏறியது. அவள் அதை முகர்ந்தாள். மூட்டுவலித் தைலத்தின் வாசனை அடித்தது. பந்து இன்னும் சூடாக இருந்தது. அவள் தம்பியின் கையேதான், ஆனால் மெலிந்த, வெகுநாள் உபயோகித்த கையின் சூடு. எத்தனை வருடம் முந்தி வந்திருக்கிறது என்று சொல்ல வழியில்லை. பாதுகாத்து வைக்கவேண்டும், அவன் எறிய அது இருக்கவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

உள்ளே கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். நெரெய்தா அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"மெதுவாவா வந்துச்சு?"

"தரையில பட்டு வந்துச்சும்மா."

"அப்ப கிழவனாகித்தான் வர்றான்," என்றாள் நெரெய்தா. குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்த பிளாஸ்டிக் பூக்களை நகர்த்திப் பந்துக்கு இடம் செய்தாள்.