ஆட்சேபணை இல்லாத பேர்

எங்க குஷாய்குடா தமிழர் சங்கத்து ஆண்டு மலர்ல கதை வரணும்னா, எழுதினா மட்டும் போறாது. ஃபைல் சுத்தணும். கமிட்டியில ஏழு பேர், அத்தனை பேரும் ஃபேக்டரியில ரிடையர் ஆனவா. கையெழுத்து இல்லாம அவாளுக்குக் காபி கூட உள்ளே இறங்காது. கதையை ஃபைல்ல போட்டு, மேலே ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி, வீடு வீடா அனுப்புவா. ஏழு பேரும் 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதணும். கதையில வர்ற பேர் மெம்பர் யாருக்காவது இருந்துட்டா, அந்த மெம்பரே சம்மதம்னு தனியா எழுதிக் கொடுக்கணும். கர்மம், இப்படி ஒரு ரூல்.

என் கதையில ஒரு புருஷன். பொண்டாட்டிக்குத் திருமுல்கேரி ஸ்கூல் ஒண்ணுல டீச்சர் வேலைக்கு ஆர்டர் வர்றது. தபாலை அவன் வாங்கி, பீரோவுல விரிச்ச பேப்பருக்கு அடியில ஒளிச்சு வெச்சுடறான். சேர வேண்டிய தேதி போயிடறது. அதுக்கப்புறம் இருபத்தாறு வருஷமா, வர்றவா போறவா எல்லார்கிட்டயும், "இந்த மக்குக்கு எவன் வேலை தருவான்?"னு சொல்லிச் சிரிக்கறான்.

கற்பனையாவது மண்ணாவது! அந்தப் புருஷன் சாட்சாத் என் ஆத்துக்காரர் ஜெயராம்தான், சங்கத்துக்கு செகரெட்டரி. ஒன்பது வருஷம் கழிச்சு பீரோ பேப்பர் மாத்தறச்சே அந்த ஆர்டர் என் கையில கிடைச்சுது. பொண்ணு ஹர்ஷிதாவுக்குப் பத்தாம் கிளாஸ் பரீட்சை நேரம். வயிறு எரிய எரிய வாயை மூடிண்டு, இருந்த இடத்துலயே வெச்சுட்டேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. நடந்தது அச்சுல வரணும், நாலு பேர் படிக்கணும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவர் பேரைப் போட மட்டும் மனசு வரலே. பொண்ணு குகட்பள்ளியில மாமனார் மாமியாரோட இருக்கா, அவளுக்குத் தலைக்குனிவு எதுக்குன்னு ஒரு பேரைத் தேடினேன்.

முதல்ல சேஷகோபன்னு வெச்சேன். ஃபைல் திரும்பி வந்தது. அது தலைவரோட சம்பந்தி பேராம். விருத்தகிரின்னு மாத்தினேன். கமிட்டி மெம்பர் ப்ரியம்வதாவோட அப்பா பேராம், அவர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆச்சு, அதுக்கும் ஆட்சேபணை. சனியன்களா, இருங்கோன்னு, உலகத்துல எவனுக்குமே இல்லாத பேரா கோமேதகன்னு வெச்சேன். தன் பொண்ணு விரல்ல கோமேதகக் கல் மோதிரம்தான் இருக்கு, வில்லனுக்கு வெச்சா அபசகுனம்னு பொருளாளர் எழுதியிருந்தார். அப்போ வந்த ஆத்திரத்துல ஃபைலை அடுப்புல போட்டிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை காலம்பற ஏழு பேரும் எங்காத்து ஹால்லயே கூடினா. நான் போட்ட காபியைக் குடிச்சுண்டே என் கதையைத் தூக்கிடலாமான்னு பேசினா.

"நாளைக்கு பிரஸ்ஸுக்குப் போகணும் மாதங்கி. ஒண்ணு பேரைச் சொல்லு, இல்லேன்னா கதை அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார் மலர் ஆசிரியர் அம்பி மாமா.

"ஊர்ல இருக்கற பேரையெல்லாம் நீங்களே வாங்கி வெச்சுண்டா நான் எங்கே போவேன்?"

"வில்லனே நக்கோ, வேண்டாம். நல்லவனா மாத்திடுங்கோ" என்றாள் ப்ரியம்வதா.

"மாத்த மாட்டேன்."

என் ஆத்துக்காரர் கடகடன்னு சிரிச்சார். நான் எழுதின ஒரு வரியை அவர் இதுவரைக்கும் படிச்சதில்லை. இதுக்கும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார். "ஒரு பேர் வெக்கத் தெரியலே, இவ எழுத்தாளராம்! எதுக்கு இத்தனை தொல்லை? என் பேரையே போட்டுக்கோ. ஜெயராம்! ஆட்சேபணை இல்லை. எவன் நம்பப் போறான்?"

எல்லாரும் கைதட்டினா. பெருந்தன்மைன்னா இதுதான்னு தலைவர் முதுகுல தட்டினார். ஹர்ஷிதாவை நினைச்சுண்டேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருஷமா மக்குன்னு அவர் சிரிச்ச சிரிப்பு காதுல நின்னுண்டு இருந்தது, சொல்லலே.

"எழுதிக் கொடுங்கோ" என்று பேனாவை நீட்டினேன். தேதி போட்டு, செகரெட்டரி முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

பேர் சரியாப் பொருந்தறதான்னு அம்பி மாமா ஒரு பக்கத்தை எடுத்து உரக்கப் படிச்சார்.

"போஸ்ட்மேன் நீட்டின கவரை ஜெயராம் வாசல்லயே பிரிச்சான். ஜூலை மூணாம் தேதிக்குள் வேலையில் சேரவும்னு இருந்தது. நாலா மடிச்சான். பொண்டாட்டி கொல்லையில துணி உலர்த்திண்டு இருந்தா. பீரோவைத் திறந்து, தன் கல்யாணப் பட்டு வேஷ்டியை நகர்த்தி, அடியில இருந்த பேப்பரைத் தூக்கி..."

அவர் சிரிப்பு நின்னுது. காபி டம்ளரைக் கீழே வெச்சார்.

"அது... உனக்கு எப்போ தெரியும்?"

ஆறு தலையும் அவர் பக்கம் திரும்பித்து. அம்பி மாமா கண்ணாடியைக் கழட்டிண்டு, "எதுப்பா ஜெயராம்?" என்று கேட்டார்.

அவர் கண் பீரோ இருந்த ரூம் பக்கம் போச்சு.

"படிங்கோ மாமா, இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு" என்றேன்.