ஐந்தாவது இடத்தில் நாலு

அப்பாவின் கல்லறைக் கல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பேர் சரி, தேதிகள் சரி. அடியில் வெட்டியிருந்த எண்ணில் மட்டும் ஐந்தாவது இடத்தில் நாலு உட்கார்ந்திருந்தது. 3816457290.

"யாருய்யா இத வெட்டினது?" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது.

கல் வெட்டுகிறவர் முகத்தில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தபடி வந்தார். "என்னம்மா ஆச்சு?"

"நாலும் அஞ்சும் இடம் மாறிக் கெடக்கு. கண்ண எங்க வெச்சுக்கிட்டு வேலை செஞ்சீங்க?"

"போன் நம்பர்தானேம்மா? இனிமே அவருக்கு யாரு போன் பண்ணப்போறா?"

அவரை அறையாமல் விட்டதே பெரிது.

அப்பா ஆலை வாசலில் லாரிகளுக்கு எடை போட்டவர். வண்டி வராத நேரமெல்லாம் ஒரு பத்து இலக்க எண்ணைத் தேடி எடைச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் வகுத்துக்கொண்டே இருப்பார். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒரே ஒரு தடவை வர வேண்டும். முதல் இரண்டு இலக்கம் சேர்ந்த எண் இரண்டால், முதல் மூன்று மூன்றால், இப்படியே பத்து வரை மீதியில்லாமல் வகுபட வேண்டும். பதினோரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு பிடித்தார்: 3816547290. அப்படி வேறு எண்ணே கிடையாது. அதில் கடைசி இடம் பூஜ்யத்துக்கு, ஐந்தாவது இடம் ஐந்துக்கு. அதை எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது.

"இது ஏற்கெனவே ஊர் உலகத்துக்கே தெரிஞ்சதுப்பா" என்று அன்றைக்கே செல்போனை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவருக்கு வாயெல்லாம் பல். "அப்ப நான் போட்டது சரிதான்!" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது.

கல் வெட்டுகிறவர் ஆணியில் குத்தியிருந்த ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து. 3816457290.

"வெட்டுறதுக்கு முன்னாடி நம்பர ஒண்ணொண்ணா வாசிச்சுக் காட்டுறது இங்க வழக்கம். போன்ல வாசிச்சேன். பத்துக்கும் 'ம்ம்' போட்டீங்களேம்மா."

அந்த 'ம்ம்' எனக்குத் தெரியும். அப்பா சீட்டும் கையுமாக வந்து நிற்கும்போதெல்லாம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நான் போட்டது. வெட்கமாக இருந்தது. அதற்கும் கல் வெட்டுகிறவர் மேல்தான் பாய்ந்தேன்.

"அம்மா இப்ப வந்துடுவாங்க. அவங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் ஒண்ணும் தெரியாது. நீங்க வாயத் தொறக்காதீங்க."

அம்மா வந்தாள். அப்பாவின் கணக்கை வேலையத்த வேலை என்று ஆயுசுக்கும் திட்டியவள். கல்லில் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாக நகர்த்தினாள். ஐந்தாவதில் விரல் நின்றுவிட்டது.

"இங்க அஞ்சுல்ல வரணும்? சோறு போடுறதுக்குள்ள வெறுந்தட்டுல விரலால எழுதிக்கிட்டே இருப்பாரே."

கல் வெட்டுகிறவர் சீட்டைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, "என் தப்புதாம்மா" என்றார்.

"கண்ண எங்கய்யா வெச்சிருந்த? போனவர் வந்து திருத்தவா போறாரு?" அம்மா பொரிந்து தள்ளினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் பையிலிருந்து சீட்டை உருவி அம்மாவிடம் நீட்டினேன். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.